பிடிமண் கொடுத்த கை

தை 6, செவ்வாய்

பனி. எட்டு மணி வரை கிணற்று மேடு தெரியவில்லை. மிளகாய் இரண்டாம் பறிப்பு பாதியில் நின்றது. அளக்க வந்துவிட்டார்கள்.

சர்வேயர் ஒருவர், டேப் பிடிக்க இரண்டு பேர், கிராம உதவியாளர், மஞ்சள் பெயிண்ட் ஒரு டப்பா. போகிக்கு முந்தின நாள் வந்த நோட்டீஸில் இருப்பதுதான்: தூத்துக்குடி ரோட்டிலிருந்து புதிய தொழிற்பேட்டைக்கு அறுபது அடி இணைப்புச் சாலை. என் சர்வே எண் 212/4 வழியாக. தாத்தா நிலத்தை அப்பாவும் சித்தப்பாவும் நீளவாக்கில் இரண்டாகப் பிரித்துக்கொண்டதில் எனக்கு வந்தது ஒரு ஏக்கர் இருபது செண்டு. அகலம் அறுபத்தைந்து அடி. சாலை போக மிஞ்சுவது ஐந்தடி. அதில் வேலி போடலாம், அல்லது நான் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம்.

நஷ்டஈட்டுக்கு மரக்கணக்கு: வேம்பு 2, பனை 1. கிணறு 1. ‘தண்ணீர் உண்டு’ என்று அவர் எழுதும் வரை நான் நகரவில்லை.

பனையடியில் முனி. கல்தான். எண்ணெய்ப் பிசுக்கு, சந்தனம், பொங்கலுக்குச் சாத்திய துண்டு. எங்கள் பங்காளிகள் பதினொரு குடும்பத்துக்கும் குலசாமி, ஒத்தப்பனை முனியசாமி. சர்வேயரிடம் காட்டினேன். சின்ன வயசுப் பையன்.

“கட்டடம் இல்லையே பெரியவரே. வெறும் கல்லைக் கோயில்னு எழுத முடியாது. அதுவுமில்லாம ஒங்க குலசாமி கோயில் பக்கத்து நெலத்துல இருக்கில்ல? அதுக்காகத்தான ரோட்டையே இங்கிட்டுத் தள்ளுனது?”

கையிலிருந்த சாக்கு கீழே விழுந்து மிளகாய் சிதறியதை அப்புறம்தான் பார்த்தேன்.

பக்கத்து நிலம் 212/3. சித்தப்பா மகன் முருகவேலுடையது. (இனி மு. போதும். முழுப் பெயர் எழுத மை வீண்.) போன வருஷம் சாலைக்குக் கல் நட்டது அவன் நிலத்தில்தான். பாவம் என்று பந்தல்குடிக்குக் கூட்டிப்போய் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். பிறகு அந்தக் கல்லைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். “திட்டத்தை மாத்திட்டாகண்ணே” என்றான். நானும் சந்தோஷப்பட்டேன். அந்த வடையை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

தை 7, புதன்

பனி குறைவு. முழங்கால் வலி. மாத்திரை வாங்க வேண்டும்.

ஆவணியில் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், எந்த இடத்தில் ஏமாந்தேன் என்று தெரிய.

மு. வந்தான். மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறதாம். முனியைத் தன் நிலத்திலும் வைத்துக் கும்பிட்டால் கூடி வருமென்று குறி சொல்லும் கோடாங்கி சொன்னாராம். “மூத்தவன் கையாலதான் பிடிமண் வாங்கணுமாம்ணே.”

பிடிமண் என்பது ஊரைவிட்டுப் போகிறவன் எடுப்பது. சாமி காலடியில் மண் அள்ளி, புதுக் கலயத்தில் போட்டு, போகிற ஊரில் புதைத்துக் கல் நட்டால் சாமி அங்கேயும் வந்துவிட்டது என்று அர்த்தம். திருப்பூருக்குப் போன பங்காளி எடுத்துப் போனான், சரி. ஒரு வரப்பைத் தாண்டுவதற்கு எவனாவது பிடிமண் எடுப்பானா? எனக்கு உறைக்கவில்லை. மூத்தவன் என்றதும் உச்சி குளிர்ந்துவிட்டது.

மூன்று பிடி அள்ளிப் போட்டேன். மஞ்சள் துணி கட்டிக் கலயத்தை அவன் தலையில் நானே வைத்தேன். “திரும்பிப் பாக்காமப் போகணும்லே” என்று புத்தி வேறு சொன்னேன். இருபது எட்டு நடந்தான். திரும்பிப் பார்க்கவே இல்லை, படுபாவி.

பதினைந்து நாளில் சிமெண்ட் மேடை, சுவர், தகரக் கூரை. இன்னும் பதினைந்து நாளில் ஒரு தாள். கோயிலுக்குக் கரண்ட் இழுக்க எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போடணும் என்றான். முதல் கையெழுத்து மூத்தவனுடையது. அதாவது என்னுடையது. மேலே ‘முனி துணை’, கீழே கோடு கோடாகப் பெயர்கள். நடுவில் இருந்ததைப் படிக்கவில்லை. கண்ணாடி வீட்டில் இருந்தது. சாமி பெயர் போட்ட தாளைக் கண்ணாடி போட்டு வேறு படிக்க வேண்டுமா என்று நினைத்தேன்.

முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர். பழைய டிக்கெட்டால் பல் குத்துகிறவனிடம்கூட அதை வாங்கித் தேதி பார்த்தவன் நான்.

பாக்கியத்திடம் எல்லாம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். “அவுக வாசல்ல போயி மண்ணை வாரித் தூத்திட்டு வாரேன்” என்று எழுந்தாள். என் வீட்டுக்காரி சொன்னால் செய்வாள்.

“இருக்கிற மண்ணைத்தான் நான் அவங்கிட்டக் குடுத்துட்டனே” என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவள் அழுதாள்.

தை 8, வியாழன்

விசாரணை. அருப்புக்கோட்டை, நில எடுப்பு அலுவலகம். பத்தரைக்கு வரச்சொல்லி ஒன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் காத்திருந்தபோது காதில் விழுந்தவை:

“அறிவிக்கை வந்துட்டா அவ்வளவுதான் மாமா. நம்ம போட்டோவுக்கு மாலை போட்ட மாதிரி.”

“ஆட்சேபணை குடுக்கலாம்லடா?”

“குடுக்கலாம். வாங்கிக்கிருவாக.”

தனித் தாசில்தார் ஒரு அம்மா. மரியாதையாக உட்காரச் சொன்னார். நான் எழுதிக் கொண்டுபோன ஆட்சேபணையை முழுதாகப் படித்தார். பிறகு பழைய ஃபைலைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

“உங்க குலதெய்வம் 212/3-லதான் தலைமுறையா இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே ஐயா. முதல் கையெழுத்தே உங்களுது.”

என் கையெழுத்துதான். கீழ்ச்சுழி வரை அழகாக விழுந்திருந்தது. கூடவே ஒரு போட்டோ. புதுக் கோயில் முன்னால் நான், தலையில் துண்டு கட்டி, கை கூப்பி, கண்ணை மூடி.

“இது பொய்ம்மா. கரண்டுக்குன்னு சொல்லி வாங்குனான்.”

“அப்ப அரசாங்கத்துக்குப் பொய்யா எழுதிக் குடுத்தேன்னு இப்ப எழுதித் தர்றீங்களா? பத்துப் பேரும் அப்படியே சொல்வாங்களா?”

பத்தில் ஏழு பேர் மு.வின் ஆட்கள். ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டது. ஏற்க முகாந்திரம் இல்லை என்று மேலே போகும். அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. காகிதத்தில் இருப்பதைத்தான் அவர் பார்க்க முடியும். அந்தத் தாளுக்கு நகல் கேட்டு மனு கொடுத்தேன். அடுத்த வெள்ளி வரச் சொன்னார் கிளார்க். எதிரிலேயே உட்கார்ந்து என் நோட்டில் எழுதியும் எடுத்துக்கொண்டேன்.

மாத்திரை வாங்க மறந்துவிட்டது.

தை 9, வெள்ளி

மு.வுக்கு நடக்க வேண்டும் என்று நான் விரும்புபவை:

1. அவன் ஏறும் பஸ் எல்லாம் பாலையம்பட்டி தாண்டியதும் பஞ்சர் ஆக வேண்டும்.
2. அவன் சோற்றில் தினமும் ஒரு கல். பெரிய கல் வேண்டாம். பல்லில் படும் அளவு.
3. முனி அவன் கனவில் வர வேண்டும், வந்து ஒன்றும் பேசாமல் நிற்க வேண்டும்.
4. 212/3-இல் அவனுக்கு ஒரு மண்ணும் கிடைக்கக் கூடாது.

முதல் மூன்றும் கோபத்தில் எழுதியவை. நாலாவதைத்தான் யோசிக்க வேண்டும்.

தை 10, சனி

வெயில். பந்தல்குடிக்கு மிளகாய் கொண்டுபோனேன். லாரி நிற்கும் டீக்கடையில் பெஞ்சு ஓரம். உள்ளே இரண்டு பேர்.

“ரோட்டு மேலயே ஒரு ஏக்கர் இருபது. முகப்பு மட்டும் எண்ணூறு அடி. பெட்ரோல் பங்க்கு போடப்போறாராம் அருப்புக்கோட்டைக்காரர்.”

“யாரு நெலம்?”

“முருகவேலுது. தை கடைசியில பத்திரமாம்.”

டீ ஆறிவிட்டது. அதாவது என் நிலம் ரோடாகும். என் ரோட்டைப் பார்த்துக்கொண்டு அவன் நிலம் தங்கமாகும். ரோட்டைத் தள்ளியது நிலத்தைக் காப்பாற்ற இல்லை, விற்க. உழுது பிழைக்கச் செய்திருந்தால்கூட ஒருவேளை மனது ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். வியாழக்கிழமை எழுதி வந்த வரிகள். கண்ணாடி போட்டுக்கொண்டு, சத்தமாக, பாக்கியத்துக்குக் கேட்கப் படித்தேன்:

‘மேற்படி சர்வே எண் முழுவதும் ஒத்தப்பனை முனியசாமி கோயிலுக்கும், பொங்கல் வைக்கவும் கிடாய் வெட்டவும் பங்காளிகள் பதினொரு குடும்பமும் தலைமுறை தலைமுறையாகப் பொதுவில் அனுபவித்து வரும் இடம். இதில் தனி ஒருவருக்கு விற்கவோ அடைக்கவோ பாத்தியதை கிடையாது.’

கோயில் மட்டும் என்று எழுதியிருந்தால் கோயிலைச் சுற்றிக்கொண்டு ரோடு போயிருக்கும். முழு நிலமும் வேண்டுமே அவனுக்கு. அதனால் முழுவதும் என்று எழுதிவிட்டான். அடியில் அவன் கையெழுத்தும் இருக்கிறது.

பாக்கியம் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்: “அவன் சொன்னது பொய்யின்னு நீங்க ஏன் சொல்லணும்? நெசந்தான்னு சொல்லுங்க.”

முப்பத்தாறு வருஷம் இவளோடு குடும்பம் நடத்துகிறேன். இவ்வளவு மூளையை எந்த அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தாள்?

தை 12, திங்கள்

குடியரசு தினம். கிராம சபை. பள்ளிக்கூட வேப்பமரத்தடி. ஆரஞ்சு மிட்டாய். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு எல்லாம் முடிந்தது. வி.ஏ.ஓ. நாற்காலியில். மு. இரண்டாவது வரிசையில், காலை ஆட்டிக்கொண்டு. எழுந்தேன்.

“எந்தம்பி முருகவேல ஊர் முன்னால பாராட்டணும்னு வந்தேன்” என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். “தன் நெலம் ஒரு ஏக்கர் இருபது செண்டையும் எங்க குலசாமிக்கும் பங்காளிக எல்லாருக்கும் பொதுன்னு அரசாங்கத்துக்கே எழுதிக் குடுத்திருக்கான். இந்தக் காலத்துல எவன் குடுப்பான்? சர்வே நம்பரோட பொது வழிபாட்டு இடம்னு சபை தீர்மானம் போட்டு வைக்கணும். நாளைக்கு யாரும் அதுல கை வச்சிரக் கூடாதுல்ல?”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மு. எழுந்துவிட்டான். முகத்தில் ரத்தம் இல்லை. “அண்ணே, அது வந்து…”

“என்ன தம்பி? பொது இல்லையா?”

வி.ஏ.ஓ. தலையைத் தூக்கிப் பார்த்தார். பொது இல்லை என்று சொன்னால் கோயில் என்று சொன்னதும் பொய்யாகும். ரோடு திரும்ப அவன் பக்கம் போகும். அவர் பார்வையை மு. பார்த்தான். நான் மு.வைப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷத்தில் டிக்கெட் எடுக்காதவன் முகம் எத்தனை பார்த்திருப்பேன்.

“பொதுதான்” என்றான்.

“சத்தமாச் சொல்லுப்பா, மினிட் புக்ல ஏத்தணும்” என்றார் ஊராட்சிச் செயலர்.

சொன்னான். தீர்மானம் ஏறியது. முன்மொழிந்தவர் நான். வழிமொழிந்தவர் யார் என்று செயலர் கேட்டபோது, அவனே வழிமொழிந்தால்தான் சிறப்பு என்றேன். கையெழுத்து வாங்கினார்கள்.

ஆரஞ்சு மிட்டாய் இரண்டு கொண்டுவந்து பாக்கியத்திடம் கொடுத்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு பசித்தது.

தை 16, வெள்ளி

நகல் கிடைத்தது. முத்திரையோடு. தீர்மான நகலும் சேர்த்துப் பத்திர ஆபீசில் ஆட்சேபணை மனு. ஒப்புகைச் சீட்டு இரும்புப் பெட்டியில், எல்.ஐ.சி. பத்திரத்துக்கு அடியில்.

மு.வின் வீட்டு வழியாகவே திரும்பினேன். நேர் வழி அது இல்லை. வெளியே நின்றவன் உள்ளே போய்விட்டான். மாத்திரை வாங்கியாகிவிட்டது.

சாயங்காலம் மு. தவிர ஒன்பது பங்காளிக்கும் போன். சிவராத்திரிக்கு இந்த வருஷம் குலசாமி கும்பிடு புதுக் கோயிலில், எல்லாரும் குடும்பத்தோடு வரணும், கிடாய் கொண்டு வரணும். மு.வின் ஆட்கள் ஏழு பேருக்கும் தேன் ஒழுகப் பேசினேன். திருப்பூர்க்காரன் கேட்டான்: “ஒங்களுக்கும் முருகவேலுக்கும் ஆகாதுன்னாகளே?” “யார்லே சொன்னா? சாமி அவன் நெலத்துல இருக்கு” என்றேன்.

மாசி 4, திங்கள்

நேற்று ராத்திரி சிவராத்திரிப் பூஜை. இன்று காலை கிடாய் வெட்டு. வெயில் ஏறுமுன் 212/3-இல் எழுபது, எண்பது தலை. பதினொரு கிடாய். மூன்று வேன், ஒரு டிராக்டர். அடுப்புக்கு நிலம் முழுக்கக் குழி தோண்டச் சொன்னேன். கிழக்கு ஓரம் வரை தோண்டினார்கள். பிள்ளைகள் கண்ட இடமெல்லாம் வெளிக்கு இருந்தார்கள்.

என் நிலத்து முனிக்கும் முதலில் போய்க் கற்பூரம் காட்டினேன். பனையில் மஞ்சள் பெயிண்டில் எண் போட்டிருக்கிறார்கள். 1. அதை மறைத்துத் துண்டைக் கட்டினேன். அந்த நேரத்தில் மட்டும் கோபம் இல்லை. வேறு ஏதோ. அது வேண்டாம்.

பத்தரைக்கு வெள்ளைக் கார். அருப்புக்கோட்டைக்காரர். பத்திரம் தள்ளிப்போனது ஏன் என்று பார்க்க வந்திருப்பார். இறங்கி, கறிக்குழம்புப் புகை நடுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நானே எதிர்கொண்டு போனேன்.

“வாங்க வாங்க. சாப்பிட்டுத்தான் போகணும். சாமி எடம்.”

“இந்த எடம் முருகவேலுதுன்னு…”

“அவனுதுதான். எங்களுதுந்தான்.”

அவர் கோயிலைப் பார்த்தார், கிடாய்த் தலைகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். சாமி காரியத்தில் தலையிடுகிறவர் முகம் இல்லை அது. தண்ணீர்கூடக் குடிக்காமல் காரில் ஏறினார். மு. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு பத்தடி ஓடினான். கறி பதமாக வெந்திருந்தது. பாக்கியம் அவனுக்கு இலை போட்டு ஈரலாகப் பார்த்து வைத்தாள். சாப்பிடவில்லை.

மாசி 6, புதன்

மு. வீட்டுக்கு வந்தான். தனியாக. சவரம் செய்யாத முகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“கோயில எடுத்தாத்தான் வாங்குவேங்கிறாகண்ணே. வாங்குன அட்வான்ஸ நகைக்குக் குடுத்துட்டேன். பிள்ளைக்கி வைகாசியில தேதி குறிச்சாச்சு.”

ஆவணியிலும் அதே மகள்தான். இந்தத் தடவை உண்மை என்று முகத்தில் தெரிந்தது. மனதில் சுருக்கென்றது, எழுதத்தான் வேண்டும். அந்தப் பிள்ளை என் மடியில் மூத்திரம் போய் வளர்ந்தது.

“நீ குடுத்த பிடிமண்ணு. நீயே திரும்ப எடுத்துக்கிட்டா கோயிலப் பிரிச்சிருவேன். குடுத்த கைதான் எடுக்கணும்னு கோடாங்கி சொல்லுதாரு. நாங்க தொட்டா ஆகாதாம். ஒங்காலப் பிடிக்கேன்.”

நிஜமாகவே குனிந்தான். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“எடுத்துக்கிறேன் தம்பி. எடுத்து எங்க கொண்டு போயி வைக்க?”

நிமிர்ந்தான்.

“எடுத்த எடத்துலதான வைக்கணும்? பனைக்கு நம்பர் போட்டாச்சு. பங்குனியில ஜேசிபி வருதாம். தார் ரோட்டு மேல வைக்கவா?”

அடுக்களையில் பாக்கியம் பாத்திரம் உருட்டினாள்.

“எங்கிட்ட நெலம் இல்லைலே” என்றேன். “நீதான் வச்சிருக்கே. வச்சுக் கும்பிடு.”

போய்விட்டான். செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனான். இந்த நாளுக்காகத்தான் ஒரு மாதம் காத்திருந்தேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. ராத்திரிச் சோறு மட்டும் இறங்கவில்லை.

மாசி 10, ஞாயிறு

வெயில். காற்று இல்லை. கடைசிப் பறிப்பு முடிந்தது. பிப்ரவரி பென்ஷன் வரவில்லை, விசாரிக்க வேண்டும்.

வற்றலைக் களத்தில் பரப்பினோம். வழக்கம்போல நல்ல குண்டுப் பழமாகப் பார்த்துத் தனியே எடுத்து, காம்போடு, வெள்ளைத் துணியில். இரண்டு படி தேறியது. முடிச்சுப் போடும்போது பாக்கியம் கேட்டாள்: “இது எதுக்கு?”

“வெதைக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

முடிச்சை அவிழ்க்கப் போனாள். வேண்டாம் என்றேன். புரட்டாசியில் மழை விழும். சர்வே எண் 212/3 முழுவதும். பங்காளிகள் பதினொரு குடும்பமும். பொதுவில் அனுபவித்து வரும் இடம். உழ டிராக்டருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.